இரண்டு வாரத் தொண்டும் கம்போடியக் குழந்தைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் வெளிநாடு சென்று தொண்டு செய்ய விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்டும் கட்டுரையொன்று தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்திருந்தது. இளைஞர்கள் வேற்று நாட்டு வாழ்க்கையை நேரில் அறிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், கம்போடியாவின் அனாதை இல்லங்களில் இரண்டு வாரம் குழந்தைகளைப் பராமரிக்கலாம் என்ற பரிந்துரையை, அந்நாட்டின் சியெம் ரீப் நகரில் உள்ளூர் ஆசிரியர்களின் ஆங்கிலப் பயிற்சிக்குச் சில காலம் உதவியவள் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

2005க்கும் 2010க்கும் இடையில் அந்நாட்டில் இத்தகைய இல்லங்கள் 154இலிருந்து 269ஆகப் பெருகின. அங்கு வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தது, யூனிசெஃப் துணையுடன் கம்போடிய அரசு மேற்கொண்ட ஆய்வில் தெரியவந்தது. சோறும் படிப்பும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழைப் பெற்றோர் பிள்ளையை அனுப்பிவைக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பார்க்க வரும் வெளிநாட்டவரின் கட்டணமும் நன்கொடையும் இல்லத்தை நடத்துகின்றன. எல்லா இல்லங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடத்தப்படும் இல்லத்திலும்கூட, இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சியவர் விமானம் ஏறிவிட, அடுத்த குழு வந்து இறங்குவதைக் குழந்தை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே இத்தகைய சுற்றுலாத் தொண்டு குறித்துக் கவலை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நம் ஊர் இல்லம் ஒன்றில் முன்பின் அறியாத வெளிநாட்டு மாணவர் குழந்தைகளைக் குளிப்பாட்ட அனுமதி கேட்டால் நாம் கொடுப்போமா?

கட்டுரை பண்பாட்டு அனுபவம் பற்றியும் பேசியது. கம்போடியாவின் பெரும்பான்மையினரான கெமர் மக்களிடம் நமக்கு நெருக்கமாகத் தோன்றுபவை பல: கைகூப்பி வணங்குவது, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது, வயதை அறிந்துகொண்டு அண்ணன் தம்பி உறவாக அழைப்பது, நம்மைப் போலவே ஏப்ரல் நடுவில் புத்தாண்டு கொண்டாடுவது. அவர்களுடைய எழுத்தே பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்ததுதான். இந்த நெருக்கத்தை நம்பி எல்லாம் புரிந்துவிட்டதாக எண்ணிவிடவும் கூடாது. குழந்தையின் தலையை வாஞ்சையாகத் தடவுவது நமக்கு இயல்பு. தலையைப் புனிதமாகக் கருதும் அவர்களுக்கு அது உறுத்தும். 1975 முதல் 1979 வரை பெருங்கொலைகள் நடத்திய கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் மாண்டோ நாட்டைவிட்டு ஓடியோ போன கதையை, அன்று தப்பிப் பிழைத்த ஒருவர் வந்து போகும் விருந்தாளியிடம் சொல்வதில்லை. மொழியைத் தட்டுத்தடுமாறியாவது பேசி, மாதக்கணக்கில் உடன் உழைப்பவரிடம் ஒருவேளை சொல்லலாம்.

இதை உணர்ந்த அமைப்புகளும் இருக்கின்றன. 1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அமைதிப் படை (Peace Corps) என்ற அரசுத் தொண்டர் அமைப்பில் வழக்கமான பணிக்காலம் 27 மாதங்கள். அதன் தொடக்க மாதங்கள் மொழி, பண்பாடு, பணி ஆகியவற்றுக்கான பயிற்சிக்கே போகின்றன. நம் மாணவர்கள் அதில் சேர முடியாதுதான் (அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே இடம்), ஆனால் 1970இல் உருவாகி ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். அங்கே தன்னார்வலர் கட்டணம் செலுத்துவதில்லை. அவருக்குத்தான் வாழ்க்கைச் செலவுக்கான படி தரப்படுகிறது.

எனவே, இக்கட்டுரையின் அடுத்த பகுதியை வெளியிடும்போது, குழந்தைகள் இல்லங்களைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு வேண்டுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு மாணவர்களை அனுப்பும் முகவர்களிடம், அந்தப் பணத்தில் எவ்வளவு உள்ளூர் மக்களைச் சேர்கிறது, அதே வேலைக்கு ஓர் உள்ளூர்க்காரரை ஏன் அமர்த்தக்கூடாது என்ற இரண்டு கேள்விகளைப் பெற்றோர் எழுத்துமூலம் கேட்குமாறும் அதில் குறிப்பிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி