மத்தளமும் உன் குளிசையும்

கல்லடி
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின குரல்பதிவை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் அம்மா பக்கத்தில் இருந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தா. காகங்கள் கத்தின சத்தத்தில் பாதி விளங்கவில்லை. மறுகா கிணற்றடிக்குப் போய்த் தனியே கேட்டேன். பதினொரு நிமிசம் கதைத்திருக்கிறாய். அதில் ஒரு வசனம்தான் உள்ளே கிடந்து குடைகிறது: "அப்பா, குளிசை போட்ட பிறகு உங்கட மத்தளம் வெறும் கணக்காத்தான் கேட்குது. மயிர் சிலிர்க்கேல்ல."

போனில் பதில் சொல்லலாம். ஆனால் நீ இடையில் மறித்து நாலு கேள்வி கேட்பாய், நான் சொல்ல வந்தது அயத்துப்போகும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

முப்பத்திரண்டு வருசம் ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக நின்றேன். லீவு கிடைத்த இரவுகளில் கூத்துக்கு மத்தளம் அடித்தேன். பகலில் பார்த்த வேலையும் இரவில் பார்த்த வேலையும் என் சொந்த மகளின் ஒரு கேள்வியில் வந்து சந்திக்கும் என்று நினைத்ததே இல்லை.

முதலில் மருந்தைச் சொல்கிறேன், அது எனக்குச் சுகம். நீ எடுப்பது மெதைல்பெனிடேட், கவனக்குறைபாட்டுக்கு (ADHD) கொடுக்கிற மருந்து. 1944இல் சுவிற்சர்லாந்தில் சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உண்டாக்கினது. அவருடைய மனைவியை ரீட்டா என்று கூப்பிடுவார்கள். அவ டெனிஸ் விளையாடப் போகுமுன் அதை எடுத்துப் பார்த்தாவாம். ரிட்டலின் என்ற பெயர் அந்த ரீட்டாவிடமிருந்து வந்தது. உன் டப்பியில் இருக்கிற பெயர் கொன்சேர்ட்டா. கச்சேரிக்குப் பக்கத்து வீடு மாதிரி ஒரு பெயர்! நீ அனுப்பின படத்தில் அதை வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன்.

அது மூளைக்குள் என்ன செய்கிறது என்று கேட்டிருந்தாய். நம்முடைய மட்டக்களப்பு வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை நினைத்துக்கொள். கோடையில் அங்கே மண் வந்து மூடிவிடும். வாவிக்குள் புதிதாக மழைத் தண்ணீர் வராது, ஆனாலும் இருக்கிற தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் நிற்கும். நரம்புகள் டோபமின், நோராட்ரினலின் என்ற இரண்டு பொருளை வெளியே விடும், வேலை முடிந்ததும் ஒரு வாசலால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். உன் மருந்து அந்த வாசலில் மண்ணைப் போடுகிறது. விட்டது கூடக் கொஞ்ச நேரம் நிற்கிறது, அவ்வளவுதான். அம்ஃபெற்றமின் வகை ஊக்கி மருந்து என்றால் வாசலை மறிப்பதோடு நில்லாமல் உள்ளே இருக்கிறதையும் வெளியே தள்ளும். உன்னுடையது அந்த வகை இல்லை.

இனி நேரம். இதைத்தான் நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உன் குளிசை ஒரே முட்டாகக் கரைகிற சாமான் இல்லை. 18 மில்லிகிராம் குளிசை என்றால் மேல்பூச்சில் இருக்கிற 4 மில்லிகிராம்தான் சுறுக்காகக் கரையும். மிச்சம் 14உம் ஒரு கோதுக்குள் இருந்து, ஊசித்துவாரம் போன்ற ஒரு ஓட்டையால் மணிக்கணக்காகக் கசிந்து வரும். இரத்தத்தில் அது உச்சிக்கு வர ஆறு முதல் பத்து மணித்தியாலம் ஆகும். நீ காலை ஏழு மணிக்குப் போடுகிறாய். என் மத்தளத்தைப் பின்னேரம் மூன்று மணிக்கு, வேலைத்தல இடைவேளையில் கேட்டாய். அந்த நாளிலேயே மருந்து மிக ஓங்கி நிற்கிற நேரம் அது. இரவு ஒன்பது மணிக்குக் கேட்டிருந்தால் வேறு மத்தளம் கேட்டிருக்கக்கூடும்.

மயிர் சிலிர்ப்பைப் பற்றி நீ இருக்கிற மொன்றியலிலேயே, மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2011இல் வந்தது. தங்களைச் சிலிர்க்க வைக்கிற பாட்டை ஆட்களே கொண்டுவந்தார்கள், அதைக் கேட்கும்போது மூளையைப் படமெடுத்தார்கள். அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போது மூளையின் ஒரு பகுதியில் டோபமின் சுரந்தது. அந்த இடம் வந்தவுடன் இன்னொரு பகுதியில் சுரந்தது. காத்திருப்புக்கு ஒரு வீடு, வந்து சேர்வதற்கு இன்னொரு வீடு. மத்தளக்காரனுக்கு இதைப் படமெடுத்துக் காட்டத் தேவையில்லை. தாளக்கட்டை முடிக்கிற தீர்மானத்தை மூன்று தரம் அடிக்கும்போது இரண்டாம் தரத்திலேயே சனத்தின் முகம் மாறுவதை எத்தனை கூத்துக் களரியில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் டோபமினைக் கூட நிற்க வைக்கிற மருந்து இன்பத்தையும் கூட்டத்தானே வேண்டும் என்று கேட்பாய். 2019இல் பார்சலோனாவில் 27 பேருக்கு, மூளையில் டோபமினாக மாறுகிற லெவோடோபாவைக் கொடுத்துப் பாட்டுக் கேட்க வைத்தபோது இன்பம் கூடினது. டோபமினை மறிக்கிற ரிஸ்பெரிடோனைக் கொடுத்தபோது குறைந்தது. ஆனால் அவர்கள் சுகதேகிகள், எடுத்ததும் ஒரு தரம், மருந்தும் வேறு. அதை எடுத்து உன் தலையில் பொருத்த நான் துணியமாட்டேன். மருந்து பாட்டைத் தின்றுவிட்டது என்று நீயும் துணிந்து சொல்லாதே.

இன்னொரு நாள் அதே மூன்று மணிக்கு, அதே குளிசையோடு நீ போய், உன் சிநேகிதி தேவாலயத்தில் ஓர்கன் வாசித்ததைக் கேட்டதைப் பற்றியும் சொன்னாயே. அம்மாவுக்கு அந்த இடத்தை இரண்டு தரம் போட்டுக் காட்டினேன். பாக் என்ற ஜேர்மன் இசையமைப்பாளரின் நான்கு குரல் பியூக். முன்பெல்லாம் அது உனக்கு ஒரே இரைச்சல், மேலே போகிற குரலைப் பிடித்தால் கீழே போவது தவறிவிடும், ஐந்தாம் நிமிசம் சமையலுக்கு என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பாய். இந்த முறை ஒரு குரல் மெட்டைத் தொடங்கியது, இரண்டாவது அதே மெட்டை வேறு சுருதியில் எடுத்தது, மூன்றாவது, மறுகா நான்காவது, நாலும் நாலு ஆளாகக் கேட்டது என்றாய். "சந்தைக்குள்ள நிண்டு நாலு பேர் கதைக்கிறதும் விளங்கின மாதிரி" என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தது. அதையும் கணக்கில் சேர்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இது மருந்தாளன் சொல்லவில்லை, மத்தளக்காரன் சொல்கிறான். பியூக் கவனத்தை இறுக்கிப் பிடித்துக் கேட்கிறவனுக்கென்று கட்டின பாட்டு. பிடி விட்டால் நூல் அறும். நம்முடைய கூத்து அப்படிக் கட்டப்படவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் களரி கட்டினால் விடியத்தான் முடியும். சனத்தில் பாதி பாயில் நித்திரை. குழந்தை அழும், கச்சான் விற்பார்கள், ஒருத்தி எழும்பிப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வருவாள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் பாடின அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பாடுவது எதற்கென்று நினைக்கிறாய்? கண்ணயர்ந்தவனும் எழும்பி வந்து பிடித்துக்கொள்ளத்தான். மனம் அலைந்து திரிந்து, சல்லரித் தாளச் சத்தத்தில் திடுக்கிட்டுத் திரும்பி வரும்போது களரியில் வரவுத் தாளம் மாறியிருக்கும், புது ராசா வந்து ஆடிக்கொண்டிருப்பான். அந்தத் திரும்பி வருகைதான் சிலிர்ப்பு. குளிசை உன்னை அலைய விடவில்லை. வட்டக்களரியைச் சுற்றிக் கட்டின கயிறு மாதிரி உன்னை ஒரே இடத்தில் நிற்க வைத்தது. நின்ற இடத்திலிருந்து நீ என் விரல்களை எண்ணியிருக்கிறாய்.

எண்ணினதும் குற்றமில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர். பழைய யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டே மீட்டுப் பார்த்தார். அந்த யாழ் நூல் வெளிவந்ததும் 1947, அவர் மறைந்ததும் அதே வருசம். கணக்காகக் கேட்கிறது என்று நீ அழாத குறையாகச் சொன்னபோது எனக்கு அவருடைய ஞாபகம்தான் வந்தது.

இழுவையாகக் கேட்டது என்றும் சொன்னாய். அதற்கும் காரணம் இருக்கலாம். இந்த வகை மருந்து நாடியை நிமிசத்துக்கு 3 முதல் 6 துடிப்பு வரை கூட்டும். டோபமின் கூடினால் உள்ளே இருக்கிற மணிக்கூடு சற்று வேகமாக ஓடும் என்று மிருகங்களில் பார்த்திருக்கிறார்கள். உன் மணிக்கூடு முன்னே ஓடினால் என் மத்தளம் பின்னே நிற்கும். நீ அதோடு இரண்டு கோப்பை கோப்பியும் குடிக்கிறாய். அதைக் குறை.

என்னைப் பார்த்துச் சிரிக்காதே, நானும் அந்தக் காலத்தில் சும்மா அடிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது வெற்றிலையும் பாக்கும் போட்டால் மத்தளத்தின் வலந்தலை காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாக்கிலும் ஊக்கி இருக்கிறது, அரிகொலின் என்று பெயர். வாய்ப்புற்று நோயாளிகளுக்கு என் கையால் மருந்து கொடுக்கத் தொடங்கின பிறகுதான் அதை விட்டேன். உன் குளிசையை டொக்டர் அளந்து தருகிறார். எனக்கு அளந்து தந்தது பெட்டிக்கடைக்காரன்.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான இடம். உனக்கு ஒன்பது வயதில் மிருதங்கம் பழக்க ஒருவரிடம் விட்டேன். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. எடுப்புத் தவறினால் தாளம் போடுகிற குச்சியால் உன் விரல் மொளியில் அடிப்பார். நீ ஒவ்வொரு முறையும் தவறவிடுவாய், ஏனென்றால் வெளியே யாரோ ஆட்டைக் கூப்பிடுகிற சத்தம் உனக்குத் தாளத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மொளி சிவந்து வீங்கியிருந்ததைக் கண்டேன். "கவனமா இருந்தா ஏன் அடி விழுது" என்று உன்னைத்தான் கேட்டேன். அலுமாரியில் எனக்கு மருந்துப் புத்தகம் இருந்தது. அதை விரித்து என் சொந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வயதில், பனிக்குள், யாரோ ஒரு டொக்டர் உனக்குச் சொல்லவேண்டி வந்தது.

அதே வருசம்தான் உன்னைத் தோணியில் பாட்டுமீன் கேட்கக் கூட்டிப்போனேன். பூரணை நிலா. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையை உன் காதில் வைத்தேன். வகுப்பில் ஒரு நிமிசம் குந்தியிராத பிள்ளை, அரை மணித்தியாலம் அசையவில்லை. நுளம்பு கடித்தும் அசையவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீ மட்டும் "ரெண்டு மீன் பாடுது, ஒண்டு தடிச்ச குரல்" என்றாய். கவனம் இல்லாத பிள்ளை என்று நாங்கள் சொன்னது பொய். கவனம் நிறையவே இருந்தது, நீ கூப்பிட்ட நேரத்துக்கு அது வரவில்லை.

சரி, இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பாட்டுக்காகக் குளிசையை நீயாக நிறுத்தாதே. ஒரு கச்சேரிக்குப் போகிறேன் என்று ஒன்று கூடப் போடவும் வேண்டாம். ஒரே பாட்டை ஒருநாள் விடிய, குளிசைக்கு முன் கேள். இன்னொரு நாள் மூன்று மணிக்கு. இன்னொரு நாள் இரவு, மருந்து இறங்கின பிறகு. இறங்குகிற நேரத்தில் சிலருக்கு மனம் சிடுசிடுக்கும், அந்த ஒரு மணித்தியாலத்தில் பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதே. ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதிவை. பாட்டு மட்டுமல்ல, சாப்பாட்டின் ருசி, சிநேகிதியின் பகிடி, அம்மாவின் குரல், எல்லாம் சப்பென்று இருந்தால் அது வேறு கதை. அளவு கூடிப்போனால் அப்படி நடக்கும். கடைசியாக 36க்கு ஏற்றினார்கள் என்றாய். அந்த இரண்டு வரிகளையும் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டு. "மத்தளம் கணக்காக் கேட்குது" என்று அதே வசனத்தைச் சொல். வெட்கப்படாதே. என் காலத்தில் ஒரு நோயாளி வந்து அப்படிச் சொல்லியிருந்தால் அன்று முழுக்க அவரோடுதான் கதைத்திருப்பேன்.

நேற்றுப் பூரணை. அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல் பக்கத்து வீட்டுப் பொடியனின் தோணியில் பழைய பாலத்தடிக்குப் போனேன். போனைப் பொலித்தீன் பையில் சுற்றித் துடுப்பின் முனையில் கட்டிப் பிடித்தேன். பதினாறு நிமிசம் இருக்கிறது. முதல் ஆறு நிமிசமும் நான் இருமுகிறேன், தோணியில் தண்ணீர் அடிக்கிறது. ஒன்பதாம் நிமிசத்துக்குப் பிறகு ஏதோ இருக்கிறது என்று பொடியன் சொல்கிறான். எனக்கு இந்த முறையும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். எத்தனை மணிக்குக் கேட்டாய் என்பதை மறுகா சொல். எத்தனை மீன் என்று முதலில் சொல்.

அன்புடன்
அப்பா