இன்குபேட்டர் பெட்டியில் குழந்தை, தாயின் பிரஷரை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்ப்பகால ரத்த அழுத்தம் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடுகின்றன. "குழந்தை பிறந்துட்டா பிரஷர் இறங்கிடும்" என்ற நம்பிக்கை அதைவிட ஆபத்தானது. பிரசவமான 3 முதல் 6 நாட்களுக்குள் அழுத்தம் மறுபடி உச்சத்துக்குப் போகும். அதுவரை வலிப்பே வராதவருக்கும் அப்போது வரலாம். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டோ பிரசவத்துக்குப் பின் வழக்கமாக 24 மணி நேரம்தான் கொடுக்கப்படுகிறது.

பிரஷர் 160/110ஐத் தொட்டுக் குறைமாதத்தில் பிரசவித்தவர், டிஸ்சார்ஜ் சீட்டில் பிரஷர் பார்க்க வர வேண்டிய மூன்று தேதிகளைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்: 72 மணி நேரத்துக்குள் ஒன்று, 7 முதல் 10 நாளுக்குள் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று. வீட்டில் மெஷின் இருந்தால் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்கலாம். தலைவலியை "முதுகில் போட்ட மயக்க ஊசியால்" என்று தள்ளிவிடக் கூடாது. ஊசியால் வரும் வலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். எப்படி இருந்தாலும் முதலில் பிரஷரைப் பார்க்க வேண்டும். கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி (இதை வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுப்பவர்கள் உண்டு), மூச்சுத் திணறல் வந்தாலோ பிரஷர் 160/110ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை தாய்ப்பாலில் கலக்கும் என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். லேபடலால், நிஃபெடிபின் இரண்டையும் பாலூட்டும்போதும் சாப்பிடலாம்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. கர்ப்பப் பதிவு புகுந்த ஊரில். தாய் போவது அம்மா வீட்டுக்கு. குழந்தையோ நகரத்து மருத்துவமனையில். எந்தக் கிராம சுகாதார செவிலியரின் கணக்கிலும் அவர் வராமல் போக வழி இருக்கிறது. அம்மா வீட்டு முகவரியையும் அந்தப் பகுதி செவிலியரின் எண்ணையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே குறித்துக் கொடுத்தால் போதும்.

மனக்காயமும் இதே நாட்களில்தான் ஆழமாகிறது. தாய்க்குப் பிரசவம் சரியாக நினைவில் இல்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தது செல்போனில். பார்க்க வருபவர்கள் "உப்பைக் குறைச்சிருக்கலாமே" என்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் போதிய அளவு விரியாததுதான் பெரும்பாலும் இந்த ரத்த அழுத்தத்தின் வேர். உப்பைக் குறைத்தோ, படுத்தே இருந்தோ இதைத் தடுத்திருக்க முடியாது. இதையும், எந்த நேரத்தில் என்ன செய்யப்பட்டது என்பதையும், கணவரையும் வைத்துக்கொண்டு மருத்துவரோ செவிலியரோ வரிசையாகச் சொல்ல வேண்டும். நடந்தது புரியாதவரை குற்ற உணர்வு போகாது.

தாய் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்ததும், குழந்தையின் நிலை இடம் கொடுத்தால், நெஞ்சோடு அணைக்கும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாம். பால் பீய்ச்சுவது இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முறை. பால் குறைந்தால் அதற்காகவும் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு எங்கள் கோரிக்கை ஒன்றே. கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்கும் எடின்பரோ கேள்வித்தாளில் 10 கேள்விகள்தான், தமிழிலும் இருக்கிறது. குழந்தையின் எடையைக் குறிக்கும் கையோடு இரண்டாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் தாயிடம் அதைக் கொடுக்கலாம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஆம்" என்றால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
மகப்பேறு வார்டு செவிலியர்கள் சிலர்,
மதுரை