ஏழாம் இடத்தில் இருந்த குழல்

சீர்காழி
ஐப்பசி மாதம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சம்பா நடவு முடிந்து அப்பாவும் ஒரு வாரமாகத் திண்ணையில் உட்காருகிறார். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. உன் நலம் அறிய ஆவல்.

ஸ்டார் டிரெக் என்னும் விண்வெளிக் கப்பல் கதையின் தொடர்களிலும் படங்களிலும் மறக்க முடியாத பத்துத் தருணங்களை நீ வரிசைப்படுத்தி அனுப்பியதைப் பலமுறை படித்தேன். கைப்பேசியில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடக் கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்றே பருவங்களில் 79 அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்டு, பிறகு படங்களாகவும் புதுப்புதுத் தொடர்களாகவும் கிளைத்து வளர்ந்த ஒரு கதையில் பத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது லேசான வேலையன்று. நீ அக்கறையோடு செய்திருக்கிறாய். ஆனால் உன் வரிசையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலிடத்தில் நீ வைத்தது அங்கே இருக்கக் கூடாது என்பதும், ஏழாம் இடத்தில் நீ வைத்தது அங்கே இருக்கவே கூடாது என்பதும் என் கருத்து.

முதலிடத்தை நீ ‘தி விசிட்டர்’ அத்தியாயத்துக்குக் கொடுத்திருக்கிறாய். 1995-இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்த அந்தக் கதையில் சிஸ்கோ என்னும் தந்தை ஒரு விபத்தில் மகன் ஜேக்கின் கண்ணெதிரே மறைந்துபோகிறார். அவர் இறக்கவில்லை, காலத்துக்கு வெளியே எங்கோ சிக்கிக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் மகன் முன்னால் தோன்றுகிறார். அவருக்கு வயது கூடுவதில்லை, மகனுக்கு மட்டும் தலை நரைக்கிறது. பெயர் பெற்ற எழுத்தாளனாகிவிட்ட ஜேக், தந்தையை மீட்பதற்காக எழுத்தை விட்டு விஞ்ஞானம் படித்து, மனைவியையும் இழந்து, கடைசியில் தன் உயிரையே கொடுத்து அவரை அந்த விபத்து நடந்த கணத்துக்குத் திருப்பி அனுப்புகிறான். அழாமல் பார்க்க முடியாத அத்தியாயம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்குக் கீழே ‘என் கதையும் இதுதான், அம்மா’ என்று நீ ஒரு வரி சேர்த்திருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தம்பி, நீ அந்தக் காட்சியை மகனின் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாய். பெற்றவர் பக்கத்திலிருந்து ஒருமுறை பார். நடுவயதுக்கு வந்துவிட்ட மகனைச் சந்திக்கும் சிஸ்கோ, தன்னை எப்போது மீட்பாய் என்று கேட்பதில்லை; அவன் எழுதுவதை நிறுத்திவிட்டான், மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று அறிந்ததும் அவர் முகத்தில் வருவது நன்றியும் அன்று. திகில். உனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள், என்னை விட்டுவிடு என்று அவர் கெஞ்சுகிறார். என்னைப் பொறுத்தவரை அந்த அத்தியாயத்தின் மறக்க முடியாத தருணம் அந்தக் கெஞ்சல்தான். ஜேக்கின் தியாகம் அன்று. அந்தக் கெஞ்சலை நான் ஐந்தாம் இடத்தில் வைக்கிறேன். இதை நீ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே முதலில் எழுதினேன்.

உன் பட்டியலில், முதல் தொடரில் கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரியாக வரும் உஹூராவுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் நீ தேர்ந்தெடுத்தது 1968-இல் வந்த, கப்பல் தலைவர் கிர்க்கும் அவளும் முத்தமிடும் காட்சி. கறுப்பினப் பெண் ஒருத்தியும் வெள்ளையர் ஒருவரும் முத்தமிடுவதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டவே அஞ்சிய காலம் அது என்பதால் அதற்குரிய பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காட்சியில் அவர்கள் இருவரும் வேறொருவரின் மனவலிமைக்குக் கட்டுப்பட்டு அசைகிறார்கள். உஹூரா தன் சொந்தத் திறமையால் நிற்கும் காட்சி ஒன்று 1967-இல் வந்த ‘ஹூ மோர்ன்ஸ் ஃபார் அடோனைஸ்’ அத்தியாயத்தில் இருக்கிறது. கப்பலின் தகவல் தொடர்பு அறுந்துவிட, உஹூரா கருவிப் பலகையின் உட்புறத்தைத் திறந்து மின்சுற்றுகளைத் தன் கையாலேயே இணைக்கிறாள். இப்படிப்பட்ட வேலையைச் செய்து பல வருடங்கள் ஆகின்றன என்று அவள் தயங்கும்போது, இதற்கு உன்னைவிடத் தகுதியானவர் எவரும் எனக்குத் தோன்றவில்லை என்னும் பொருள்பட, கிர்க்குக்கு அடுத்த அதிகாரியான ஸ்பாக் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், அவ்வளவுதான்.

1980-களின் நடுவில், தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பக்கத்து வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அப்போது தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டு ஆபரேட்டர். காதில் ஹெட்செட், கையில் கார்டு என்னும் இணைப்புக் கம்பி, எட்டு மணி நேரம் அதே நாற்காலி. ப்ளக்கைச் செருகுவது மட்டும்தான் பெண்களின் வேலை, போர்டுக்குப் பின்னால் போகக் கூடாது என்று அங்கே ஒரு மேலாளர் சொல்லுவார். ஒரு மழைக்கால இரவில், மெக்கானிக் வர முடியாத நிலையில், தேய்ந்துபோன கார்டு ஒன்றைப் பிரித்து, கம்பியைச் சுரண்டி, நானே மறுபடியும் பொருத்திச் சிங்கப்பூர் கால் ஒன்றை இணைத்தேன். மறுநாள் அதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. உஹூராவாக நடித்த நிச்செல் நிக்கல்ஸ் முதல் பருவத்தோடு விலகிவிட எண்ணியதும், மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து விலகக் கூடாது என்று வற்புறுத்தியதும் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிய வந்தது. பின்னாளில் அவர் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்க ஊர் ஊராகப் போய்ப் பேசியதையும் நீதான் எனக்குப் படித்துக்காட்டினாய். அந்தக் கருவிப் பலகைக் காட்சியை நான்காம் இடத்தில் எழுதிக்கொள்.

தான் காதலித்த எடித் கீலரைச் சாகவிட்டு கிர்க் நிற்கும் 1967 அத்தியாயம் பத்துக்குள் எங்கே இருந்தாலும் எனக்குச் சம்மதம். ‘டார்மாக்’ அத்தியாயம் உன் வரிசையில் இல்லாதது மட்டும் எனக்குப் புரியவில்லை. பழங்கதைகளின் பெயர்களைச் சொல்லியே பேசும் அந்த அந்நியர்களின் பேச்சு கணினிக்குக்கூட விளங்காமல் போவதும், அவர்களுடைய தலைவன் சாகும் தறுவாயில் பிந்தைய தொடரின் கப்பல் தலைவர் பிக்கார்ட் நெருப்பருகே உட்கார்ந்து கில்காமெஷ் கதையைச் சொல்வதும் நமக்குப் புரியாததா? ‘கர்ணனுக்குத் தேர்ச்சக்கரம் புதைந்த மாதிரி’ என்று உன் பெரியப்பா சொன்னால், எந்த நேரத்தில் டிராக்டர் பழுதானது என்பது வரை நமக்குத் தெரிந்துவிடும். குசேலர் அவல் என்றால் விளக்கம் வேண்டுமா? நாம் பாதி நாள் அந்த மொழியில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிடித்தவர்களை எல்லாம் பாதி இயந்திரமாக்கிவிடும் போர்க் என்னும் கூட்டத்தார் வரும் 1990 அத்தியாயத்தை நீ இரண்டாவதாக வைத்திருக்கிறாய். பிக்கார்ட் பாதி இயந்திரமாகித் திரையில் தோன்றி, இனி நான் லோகூட்டஸ் என்று அறிவிக்க, அவருக்கு அடுத்த அதிகாரி ரைக்கர் சுடச் சொல்லி உத்தரவிடும் அந்தக் கணத்தோடு பருவமே முடிந்துபோனது. அமெரிக்காவில் கோடை முழுவதும் காத்திருந்தார்கள். கேபிளில் அதைப் பார்த்த இரவில் நீ தட்டில் கை வைக்காமல் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்கினாய். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கருவிகளோ கனசதுரக் கப்பலோ காரணம் இல்லை. குரலை வைத்தே ஆளை அறிகிற வேலையில் இருந்தவள் நான். நன்றாகத் தெரிந்த ஒரு குரல், தன் ஏற்ற இறக்கம் அத்தனையையும் இழந்து, ஆள் மட்டும் மாறாமல் பேசினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கு மூன்றாம் இடம்.

ஸ்பாக்கின் மரணத்தை நான் இரண்டாம் இடத்துக்கு உயர்த்துகிறேன். அது வரும் ‘தி ராத் ஆஃப் கான்’ படம் வெளிவந்தது 1982-இல். நாங்கள் பார்த்தது பல வருடங்கள் கழித்து, வாடகைக் கேசட்டில். கப்பலைக் காப்பாற்றக் கதிரியக்கம் நிறைந்த அறைக்குள் ஸ்பாக் நுழைவதும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கிர்க் நிற்பதும், விரல்களைப் பிரித்த கை கண்ணாடியில் பதிவதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது அதற்கு முன்னால் நடப்பது. வெந்துபோன முகத்தோடு, பார்வையும் மங்கிய நிலையில், கிர்க்கின் குரல் கேட்டு எழுந்திருக்கும் ஸ்பாக், நடக்கத் தொடங்கும் முன் தன் சீருடையின் மேற்சட்டையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொள்கிறார். உன் தாத்தா கடைசி வாரத்தில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தபோதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கை துண்டைத் தேடும். அதை உதறித் தோளில் போட்ட பிறகுதான் ‘வாங்க’ என்பார். அந்த இரண்டு கைகளையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை.

இனி ஏழாம் இடத்துக்கு வருகிறேன். 1992-இல் வந்த ‘தி இன்னர் லைட்’ அத்தியாயத்தை நீ அங்கே எப்படி வைத்தாய்? அது ஹியூகோ விருது பெற்ற அத்தியாயம் என்பதற்காக நான் கேட்கவில்லை. 25 நிமிடம் மயங்கிக் கிடக்கும் பிக்கார்ட், அந்த நேரத்துக்குள் கட்டான் என்னும் கிரகத்தில், கமின் என்னும் பெயரில், மனைவியும் மகளும் மகனும் பேரனுமாக ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிடுகிறார். அந்தக் கிரகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தன் சூரியனோடு அழிந்துபோனது; தாங்கள் இருந்தோம் என்பதை யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மக்கள் அனுப்பிய கருவிதான் அவரை அப்படி வாழவைக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அந்த ஊரின் வறட்சியைப் பற்றி.

ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2012-இல் செப்டம்பரில்தான் திறந்தது. குறுவை போயிற்று. ஆடிப்பெருக்கன்று காவிரி மணலாகக் கிடந்ததால் நாங்கள் அடிகுழாயடியில் மஞ்சள் பிடித்துவைத்துக் கும்பிட்டோம். சம்பாவுக்குத் திறந்த தண்ணீரும் நம் கடைமடைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை; வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. நீ விடுமுறையில் வந்து எல்லா அத்தியாயங்களையும் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனது அந்த வருடம்தான். ஒருநாள் சாயங்காலம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பாளம் பாளமாக வெடித்த நிலத்தில் குத்துக்காலிட்டு, ஒரு வெடிப்புக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எடுத்த மண்ணை விரலால் நசுக்கினார். அது மாவாக உதிர்ந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நான் ‘தி இன்னர் லைட்’ போட்டேன்.

அதில் கமின் வருடக்கணக்காக மண்ணைச் சேகரித்துச் சோதிக்கிறான். இது நாலு வருடத்தில் தீரும் வறட்சி அன்று, கிரகமே செத்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் மகள் மெரிபோரும் தானாகவே அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடம்தான், என் கணக்கில், அறுபது வருடக் கதையில் முதலாவது. தகப்பன் மகளுக்கு ஆறுதல் பொய் சொல்வதில்லை. இன்றைய நாளை இறுகப் பிடித்துக்கொள், இந்த நேரம் திரும்ப வராது என்று மட்டும் சொல்கிறான். நீயோ கடைசியில் பிக்கார்ட் தன் அறையில் தனியாக, கமினாக வாழ்ந்தபோது வாசித்த அந்தக் குழலை ஊதுவதை மட்டும் எழுதியிருக்கிறாய். குழல் எனக்கும் பிடிக்கும். ஒரு சொல்லும் இல்லாமல் அதை அவர் மார்போடு அணைத்துக்கொள்வதைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் குழலுக்குக் கனம் வருவது அந்த மண்ணால்தான்.

உன் அப்பாவுக்கு இந்தக் கதைகளில் ஈடுபாடு இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்று என்ன காரணத்தாலோ கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். ஆங்கிலம் புரியாத இடங்களில் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊர் நடுவே அவர்கள் ஒரு மரக்கன்று நட்டு, குடிக்கும் தண்ணீரில் ஒவ்வொருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதைக் காப்பாற்றுவார்கள் அல்லவா, அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்தார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘அந்த மரம் என்ன ஆச்சு?’ சூரியனே வெடித்த பிறகு மரம் எங்கே இருக்கும் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. தெரியவில்லை என்றேன். மறுநாளிலிருந்து குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கொல்லையில் இருந்த வேப்பங்கன்றுக்கு ஊற்றத் தொடங்கினார். இன்றைக்கும் ஊற்றுகிறார், இந்த மழையிலும்.

பட்டியலைத் திருத்தி அனுப்பு. ‘டார்மாக்’கை எங்கே வைக்கப்போகிறாய் என்று எழுது. ‘தி விசிட்டர்’ பற்றி நான் சொன்னதற்கும் பதில் வேண்டும்.

அன்புடன்,
அம்மா