குழாயில் போட்டுக் கேட்டேன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

இரண்டு மாதமாக உன் வாட்ஸ்அப்பில் ஒரே படம். யார் இது என்று தங்கச்சியிடம் கேட்டேன். அவீச்சியாம், பாட்டுப் போடுகிற சுவீடன்காரன், சொந்தப் பெயர் டிம். பௌத்தத்தில் அவீசி என்பது ஒரு நரகமாமே, எந்தப் பிள்ளை இப்படிப் பெயர் வைத்துக்கொள்ளும்! 2016-இலேயே ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்திவிட்டானாம். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. அரைகுறையாக விட்டுப்போன பாட்டுகளைக் கூட்டாளிகள் முடித்து, அடுத்த வருஷம் ஜூனில் 'டிம்' என்று வெளியிட்டார்கள். அதுதான் கடைசி ஸ்டுடியோ ஆல்பம். வரும் பணம் அவன் பெயரிலுள்ள அறக்கட்டளைக்கு.

உனக்கு ஆவணியில் 28. தூங்குகிறாயா?

12 பாட்டையும் நம் பழைய குழாய் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். குழாயில் பாஸ் என்கிற கனத்த அடி ஒலி ஏது, பாடுகிறவர் குரல் மட்டும் தெருக்கோடி வரை போயிற்று. என்ன அண்ணாச்சி, இப்பவே கோயில் கொடையா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள்.

அம்பை பஸ்ஸில் உன் பாட்டு ஓடியது. என் மகன் போட்டது என்றேன். கண்டக்டர், சரி, டிக்கெட் எடுங்க என்றார். இவ்வளவு பெருமை இருக்கிறது, ஒரு போனை எடுக்க உனக்கு என்ன? ராத்திரி வேலையைக் குறை. தூங்கு.

நான் இதைச் சொல்லலாமா என்றுதான் நாலு நாளாக எழுதாமல் இருந்தேன். நீ பத்தாவது படிக்கும்போது சுடலை கோயில் கொடைக்கு நம் மைக்செட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை. இரண்டு ராத்திரி உன்னை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து கண்ணயர்ந்தாய். முகத்தில் தண்ணீரைத் தெளித்தேன், கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். விடிந்ததும், என் பையன் தூங்கவே மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அன்று உனக்குக் காய்ச்சல். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காரவைத்தேன். அம்மாவுக்கு இது தெரியாது.

முடிக்காத பாட்டு இருந்தால் கிடக்கட்டும். இங்கே வந்து முடி. மாடி அறையில் மின்விசிறி மாட்டிவிட்டேன். சனிக்கிழமை அம்மா போன் பண்ணுவாள், எடு.

அப்பா