அறுப்பின் பண்டிகை நோட்டீஸில் விருந்தாளிக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கான நோட்டீஸ்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஆராதனை நேரம், செய்தி கொடுக்கும் குருவானவர், கமிட்டி அங்கத்தினர் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியில் ‘ஏலமும் விற்பனையும் உண்டு, அனைவரும் வருக’ என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். அப்படி வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் அதில் இல்லை.

சபையிலேயே வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பண்டிகைக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் வருகிறார்கள், சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போவதைப் பார்த்ததும் இது நமக்கான இடமில்லை என்று ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள். அது காணிக்கையாகப் படைத்த பழம், கொடுக்கிற பணம் ஆலயத்துக்கு, எடுத்தவரே திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடுவதும் உண்டு என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? அதே ஏலத்தில் வாழைத்தாரும் பூசணிக்காயும் சாதாரண விலைக்கே கிடைக்கும். கேட்ட தொகையை அங்கேயே கட்ட வேண்டுமா, நோட்டில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் கட்டலாமா என்பதும் சபைக்குச் சபை மாறுகிறது. புதிதாக வந்தவர் இதை யாரிடம் போய்க் கேட்பார்? கை தூக்காமலே வீட்டுக்குப் போய்விடுவார். ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மைக்கில் பெயர் சொல்லி, “அண்ணாச்சி இன்னும் ஏத்துங்க” என்று விருந்தாளியை இழுக்கவே கூடாது. மனமுவந்து கொடுப்பதுதான் காணிக்கை.

அடுத்தது சாப்பாடு. பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் பிரியாணிக்குக் கூப்பன் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும். மதியம் பிள்ளைகளோடு வருகிறவருக்கு மிஞ்சுவது முறுக்குதான். கூப்பன் எங்கே கிடைக்கும், என்ன விலை, சைவச் சாப்பாடு உண்டா, பார்சலுக்குப் பாத்திரம் கொண்டு வர வேண்டுமா என்று இரண்டு வரி போட்டால் போதும்.

ஆராதனைக்கும் வர விரும்புகிறவர்களுக்குத் திருவிருந்து நேரத்தில், அதாவது சபையார் முன்னே போய் அப்பமும் திராட்சரசமும் பெறும் நேரத்தில், ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லாரும் எழுந்து போகும்போது தானும் போக வேண்டுமோ என்று தவிப்பார்கள். இருந்த இடத்திலேயே அமர்ந்திருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள் என்பதையும் எழுதலாம். ஏலத்துக்கு மட்டும் வருகிறவர் எத்தனை மணிக்கு வந்தால் சரி, வயதானவர்களுக்கு நாற்காலி உண்டா, வண்டியை எங்கே நிறுத்துவது, இவையும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வருடப் பணம் எதற்கு என்று தெளிவாக அச்சிடுங்கள். கூரை வேலைக்கா, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கா? போன வருடம் எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது? வெளியிலிருந்து வந்து கொடுக்கிறவருக்கும் அதைக் கேட்க உரிமை இருக்கிறது.

விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் கொண்டுவரச் சொல்லும் வேதாகமத்தின் உபாகமம் 26-ஆம் அதிகாரமே, நடுவில் இருக்கும் பரதேசியும் (அந்நியரும்) சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்கிறது. நோட்டீஸின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இன்னும் அச்சுக்குக் கொடுக்காத சபைகள் இந்த வருடமே அதைப் பயன்படுத்தலாம். விவரம் கேட்க வாலிபர் சங்கத்தில் ஒருவருடைய போன் நம்பரையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை