எச்சரிக்கை வால்வுக்கு அருகில் இருப்பவருக்குப் போக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் லிம் சூ காங், கிராஞ்சி வட்டாரக் காய்கறிப் பண்ணைகளில் குழாய்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். தொட்டியின் நீர்மட்டத்தை உணர்கருவியால் அளந்து, எங்கிருந்தாலும் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் வசதி இப்போது சிறிய பண்ணைகளுக்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால், அக்கருவி தரும் எச்சரிக்கை யாருக்கு, எந்த மொழியில் போய்ச் சேருகிறது என்பதையும், கருவியே பேசாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் விற்பவர்களும் வாங்குபவர்களும் போதிய அளவு கவனிப்பதில்லை என்பதே என் கவலை.

நம் நாட்டில் வேளாண்மைக்கு ஒதுக்கப்பட்டுள்ள நிலம் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். அந்தச் சிறிய இடத்தில் கூடுதல் விளைச்சல் எடுக்க வேண்டியிருப்பதால், பல பண்ணைகள் மண்ணில்லாச் சாகுபடிக்கு மாறியுள்ளன. மெல்லிய நீரோட்டத்தில் வேர்களை நனைத்து வளர்க்கும் முறையில், தொட்டி வற்றி மோட்டார் நின்றுபோனால், நண்பகல் வெயிலில் கீரையும், சாய் சிம் என்ற சீனக் கீரையும் சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும். மண் இருந்தால் அது கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே அந்த அவகாசம் கிடையாது. ஆகவே நீர்மட்டத்தை நாளுக்கு இருமுறை எட்டிப் பார்ப்பது போதாது.

கருவியால் கிடைக்கும் பெரிய பயன், கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காட்டிக்கொடுப்பது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 31 லிட்டர் போய்விட்டது என்று பொருள். யாரும் தண்ணீர் எடுக்காத இரவில் மட்டம் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 94 லிட்டர் எங்கோ ஒழுகியிருக்கிறது. 1,000 லிட்டர் குழாய்நீருக்கு 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்ற இன்றைய கட்டணத்தில் இது பெரிய தொகை அன்று. ஆனால் இன்று ஒழுகும் இணைப்புதான் பிறகு ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும், உரம் கலந்த நீராக இருந்தால் அந்த உரமும் வடிகாலில்தான் சேரும்.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் விற்கப்படுபவை மூடியின் அடியில் பொருத்தப்படும், காதுக்குக் கேட்காத ஒலியைப் பயன்படுத்தும் மீயொலிக் கருவிகள். அவை ஒலியை அனுப்பி, நீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றன. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். தகரக் கூரையின் கீழுள்ள தொட்டிக்குள் இரவு 25 டிகிரியும் பிற்பகலில் 40 டிகிரியும் இருந்தால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் பிழை வரும். பொழுது சாய்ந்து தொட்டி குளிரும்போது, ஒரு சொட்டும் ஒழுகாமலே மட்டம் இறங்கியதாகத் திரை காட்டும். மேலே சொன்ன கசிவைவிட இது பெரியது! வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். கருவியின் முகத்தில் நீர்த்துளி கோத்துக்கொண்டாலோ சிலந்தி வலை கட்டினாலோ, ஒலி அங்கேயே பட்டுத் திரும்பி, பாதி காலியான தொட்டியை நிறைந்ததாகக் காட்டக்கூடும். துணியால் துடைத்தால் சரியாகிவிடும். துடைக்க ஓர் ஆள் மூடியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றைவிட ஆபத்தானது மௌனம். பல கருவிகள் கைப்பேசிச் சேவை வழியாகவே அளவை அனுப்புகின்றன. நம் நாட்டில் பழைய 2ஜி கைப்பேசிச் சேவை 2017லும் 3ஜி சேவை 2024லும் முடிவுக்கு வந்தன. பழைய சேவையை நம்பியிருந்த கருவி அன்றோடு ஊமையாகிவிடும்; மின்கலம் தீர்ந்தாலும் அதே கதிதான். எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில், தகவல் வருவது நின்ற பிறகும், கடைசியாக வந்த அளவையே செயலி பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அனைவரும் நம்பினர். குறித்த நேரத்தில் அளவு வராவிட்டால் அதையே அபாயமாகக் கருதி எச்சரிக்கை தர வேண்டும். இணையத்தைச் சாராமல், மிதவை இறங்கியதும் தொட்டிக்கு அருகிலேயே ஒலிக்கும் ஒரு மணியும் இருப்பது நல்லது.

இனி என் முதன்மையான கோரிக்கைக்கு வருகிறேன். எச்சரிக்கை பெரும்பாலும் முதலாளியின் கைப்பேசிக்கு, ஆங்கிலத்தில் போகிறது. அவர் நகரில் ஏதோ ஒரு கூட்டத்தில் இருப்பார். வால்விலிருந்து இருபதடி தூரத்தில் நின்று கீரை கட்டிக்கொண்டிருப்பவரோ தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த தம்பியாகவோ, பங்ளாதேஷ், மியன்மார் ஊழியராகவோ இருப்பார். அவருக்குச் செய்தி எதுவும் வராது. “மேற்குத் தொட்டியில் தண்ணீர் குறைகிறது, வால்வைப் பாருங்கள்” என்று அவர் மொழியில் ஒரு வரி அனுப்புவது இன்றைய தொழில்நுட்பத்துக்கு எந்தச் சிரமமும் இல்லாத வேலை. தமிழ் அதிகாரத்துவ மொழியாக உள்ள நாட்டில் இதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. வேளாண் உணவுத் துறையின் உருமாற்றத்துக்காக 2021ல் தொடங்கப்பட்ட 60 மில்லியன் வெள்ளி நிதியைப் போன்ற பொதுப்பணத்தின் உதவியோடு கருவிகள் வாங்கப்படும்போது, களத்தில் உள்ள ஊழியருக்கும் அவர் மொழியில் எச்சரிக்கை சேர வேண்டும் என்பதைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

பொருத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கருவிக்காக மூடியில் போடும் துளையைச் சுற்றி நன்றாக அடைத்துவிடுங்கள். விட்ட இடைவெளி டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வாசலாகிவிடும்.

கருவி வாங்கும் பண்ணையாளர்கள், பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரின் கண்ணெதிரே அதன் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, தொட்டிக்கு அருகில் வேலை செய்பவரின் கைப்பேசி ஒலிக்கிறதா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
சுவா சூ காங்