மூன்று அடுப்பு, ஒரு மீற்றர்: மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கட்டணத் திருத்தம் என்ற பேச்சு எழுந்ததும் ஒரு வசனம் தவறாமல் கூடவே வருகிறது: மாதம் 180 யூனிட்டைத் தாண்டுகிறவர்கள் வசதி படைத்தவர்கள், அவர்கள் கொஞ்சம் கூடக் கொடுக்கட்டும், அந்தக் காசில் ஏழை வீட்டு விளக்கு எரியட்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் 180ஐத் தாண்டுகிற மீற்றர்கள் பலவற்றின் பின்னால் ஏசியும் இல்லை, நீச்சல் தடாகமும் இல்லை. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், பின்னால் அனெக்ஸில் இன்னொன்று. மூன்று வீட்டுச் சிக்கனத்தைக் கூட்டினால் உங்கள் புத்தகத்தில் அது ஓர் ஆடம்பரம்.

ஒரு சின்னக் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். பிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட், மாதம் 30. 70 வாற்று ஃபேன் இரவில் பத்து மணித்தியாலம் சுழன்றால் 21. றைஸ் குக்கர் 700 வாற்று, நாளுக்கு நாற்பது நிமிடம், 14. வெள்ளைச் சீருடைகளை ஞாயிற்றுக்கிழமை ஒரே சூட்டில் அயன் பண்ணி முடித்தாலும், வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம், ஏறத்தாழ 9. நான்கு எல்ஈடி பல்புக்கு 5, 6. ஆக 80 யூனிட். டிவியை இன்னும் போடவே இல்லை.

இனிக் கட்டணம். 2025 ஜூனில் 15 வீதம் ஏற்றினீர்கள், அதை விடுவோம். 2025 ஜனவரியில் 20 வீதம் இறக்கினீர்களே, அந்தக் கட்டணத்திலேயே கணக்குப் பார்ப்போம். உங்களுக்குச் சாதகமான கணக்கு அதுதான். தனி மீற்றர் இருந்தால் 80 யூனிட்டுக்கு முதல் 60உம் 11 ரூபாப்படி 660, மிச்சம் 20உம் 14 ரூபாப்படி 280, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,340 ரூபா. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 4,020. இதே மூன்று குடும்பமும் ஒரே மீற்றரில் இருந்தால் 240 யூனிட், யூனிட் கூடக் கூட விலையும் தட்டுத் தட்டாக ஏறும்: முதல் 60க்கு 660, அடுத்த 30க்கு 420, அதற்கடுத்த 30க்கு 600, அதன் பிறகு 60க்கு 33 ரூபாப்படி 1,980, கடைசி 60 யூனிட் 52 ரூபாப்படி 3,120, நிலையான கட்டணம் 2,000. மொத்தம் 8,780. சமூகப் பாதுகாப்பு வரி இதற்கு மேல். அதே பிரிட்ஜ், அதே ஃபேன், அதே சோறு. இரண்டு மடங்குக்கும் கூட.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரு மீற்றருக்குப் பின்னால் எத்தனை குடும்பம் என்று பதிந்து, தட்டுகளின் எல்லையை அத்தனையால் பெருக்குங்கள்.

60ஐத் தொட்டு நிற்கிற வீடுகளின் பாடு இன்னொன்று. அதே ஜனவரிக் கட்டணத்தில் 60 யூனிட்டுக்கு 500 ரூபா, 61க்கு 1,074. அதாவது அந்த ஒற்றை யூனிட்டின் விலை 574 ரூபா. ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: 60ஐத் தாண்டியதும் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறுகிறது, நிலையான கட்டணமும் இரட்டிக்கிறது. தனி மீற்றர் உள்ளவர் மாதக் கடைசியில் ஃபேனை நிறுத்தியாவது அதற்குள் நிற்கப் பார்க்கலாம். கூட்டு மீற்றர்க்காரருக்கு அந்தக் கோடே கிடையாது.

ஒவ்வொரு குடும்பத்தின் பாவனையையும் பிரித்தளக்கச் சப் மீற்றர் இருக்கிறதே என்பீர்கள். கடையில் வாங்கிச் சுவரில் அறைந்த பெட்டி அது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாரும் வருவதில்லை. தண்ணீர் மோட்டரும் படிக்கட்டு விளக்கும் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கும். அரைக் குதிரைவலு மோட்டர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினாலே மாதம் பதினொரு யூனிட்டுக்கு மேல். சப் மீற்றர்களின் கூட்டுத்தொகை பெரிய மீற்றரோடு ஒருநாளும் ஒத்துவராது. விடுபட்டதை வீட்டுக்காரர் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார், அல்லது எல்லா யூனிட்டையும் உச்ச விலைக்கே போட்டுவிடுவார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, பட்டியல் அவர் பெயரில் அல்லவா வருகிறது. மேல் வீட்டில் அயன் பெட்டி சூடானால் கீழ் வீட்டில் முகம் சூடாகிறது.

தனி இணைப்பு எடுக்கலாமே என்றால், அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், தனி மெயின் சுவிட்சோடும் ட்ரிப் சுவிட்சோடும் வயரிங் வேண்டும், பெரும்பாலும் தனி ஆதனவரி இலக்கமும் வேண்டும். இலக்கம் பிரிந்தால் வரி கூடும், வாடகைக்காரர் உரிமை கொண்டாடுவார் என்று பயப்படுகிற வீட்டுக்காரர் கையெழுத்து வைப்பாரா? இதில் இன்னொரு வேடிக்கை. பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க வதிவிடச் சான்றாக மின்பட்டியலைக் காட்டலாம். பட்டியலுக்குக் காசு கட்டுகிறவர் வாடகைக்காரர், பெயர் வீட்டுக்காரருடையது. ஒரே வீட்டில் மேல் தளத்துக்கு ஒன்று, கீழ்த் தளத்துக்கு ஒன்று என்று இரண்டு மீற்றர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்கோ இரண்டு தடவை 60 கிடைக்கிறது.

கூரை சொந்தமானவர் சூரியத் தகடு போட்டுப் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளலாம். வாடகைக்காரருக்கு ஏது கூரை? துறைமுக நகரில் முதலிடுகிறவர்களுக்கு 40 வருடம் வரை வரிச்சலுகை கொடுக்க 2021இல் சட்டமே போட்டார்கள். கொம்பனித் தெருவில் 'சிற்றி ஒஃப் ட்றீம்ஸ்' (கனவு நகரம்) என்ற சொகுசு ஹோட்டல் கண்ணாடிக் கோபுரமாய் மின்னுகிறது, கசினோவும் வந்துவிட்டது. கனவுக்குத் தனி நகரமே கட்டியாகிவிட்டது. நாளாந்தம் சோறு வேகிற றைஸ் குக்கர்தான் உச்சத் தட்டில் குந்தியிருக்கிறது. அதே ஜனவரிக் கட்டணத்தில், அந்த 52 ரூபாத் தட்டில் அதன் 14 யூனிட்டுக்கு 728 ரூபா. தனி மீற்றரில் 196க்கு முடிகிற வேலை.

மன்னிக்கவும், கசினோ உங்கள் பொறுப்பு அல்ல. தண்ணீர்ப் பட்டியலிலும் இதே தட்டு விளையாட்டுதான், அதுவும் வேறு அலுவலகம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறோம்.

மூன்று குடும்பம் என்றால் 60 என்ற எல்லை 180 ஆகட்டும், 90 என்பது 270 ஆகட்டும். நிலையான கட்டணத்தையும் மூன்று தடவை அறவிடுங்கள், மறுப்பில்லை. மேலே சொன்ன கணக்கில் அப்போது சரியாக 4,020 வரும். பொய்க் குடும்பம் பதிவார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. கிராம உத்தியோகத்தரின் சான்றையும் வாக்காளர் இடாப்பையும் கேளுங்கள், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தின் பெயரும் பட்டியலில் அச்சாகட்டும். பள்ளிக்கூட வாசலில் அது உதவும்.

அடுத்த திருத்தத்துக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, ஒரு மீற்றருக்குப் பின்னால் எத்தனை குடும்பம் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளும்படி தயவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கொழும்பில் கூட்டு மீற்றரில் குடியிருக்கும் வாடகைக் குடும்பங்கள்